ஆசிரியர், செவிலியர் பணியில் மனவெழுச்சித் திறன்கள்

மனவெழுச்சித் திறன்கள் என்பவை, தன் மனத்தில் எழும் உணர்ச்சியையும் பிறர் மனத்தில் எழும் உணர்ச்சியையும் இனங்கண்டு, அதன் காரணத்தை அறிந்து, செய்ய வேண்டிய வேலைக்கு ஏற்றவாறு அதை நடத்திச் செல்லும் திறன்களாகும். கல்வியியல் பாடநூல்களில் இது மனவெழுச்சி நுண்ணறிவு என்ற பெயரில் வருகிறது. உணர்வுசார் நுண்ணறிவு என்று எழுதுவோரும் உண்டு. எல்லாத் தொழிலிலும் இதற்கு ஓரளவு இடம் இருக்கிறது. ஆனால் ஆசிரியர், செவிலியர் ஆகிய இருவருக்கும் இது வேலையின் ஒரு பகுதியாகவே அமைந்துவிடுகிறது. ஊசி போடும்போது கை நடுங்கக் கூடாது என்பது எப்படிச் செவிலியரின் வேலையோ, அப்படியே புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்பதும் அவருடைய வேலை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள வன்னியம்பட்டி போன்ற ஊர்களில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் டீச்சர் வேலை, நர்ஸ் வேலை என்ற இரண்டும் முதலில் வந்துவிடும். "பொறுமையான பிள்ளை, நர்சிங்குக்கு ஏற்றவள்" என்பார்கள். பாராட்டாகச் சொல்லப்படும் இந்த வாக்கியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொறுமை என்பது பிறவிக் குணம் என்றாகிவிட்டால், அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அதற்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, கூலி கொடுக்கவும் வேண்டியதில்லை. இக்கட்டுரை அதைத் திறனாகவும் உழைப்பாகவும் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

தமிழ் மரபில்

உணர்ச்சிகளை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என்றும் பிரித்துக் காட்டுகிறது. மனத்தில் உள்ளது உடலில் வெளிப்படும், பார்ப்பவர் அதைப் படித்தறியலாம் என்பதே அந்த இயலின் அடிப்படை. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். ஒரே திறன் அரசவையிலும் வேண்டும், காதலிலும் வேண்டும் என்று வள்ளுவர் கருதியிருக்கிறார். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் ஆகியோரைச் சொல்கிறது. செவிலியருக்கு அன்றே தனி இடம் உண்டு.

ஆசிரியரைப் பற்றி விரிவாகப் பேசுவது நன்னூல். பவணந்தி முனிவர் நல்லாசிரியரை நிலத்துக்கு ஒப்பிடுகிறார். அந்த ஒப்புமையில் பொறுமையும் அடங்கும். ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் அவர் பட்டியலிடுகிறார். பொறாமை, பேராசை, வஞ்சம் ஆகியவற்றோடு, கேட்பவர் அஞ்சும்படி பேசுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மட்டைகள் சூழ்ந்து யாரும் ஏற முடியாத பனைமரத்தையும் தகாத ஆசிரியருக்கு உவமையாக்குகிறார். பழம் தானாக விழுந்தால் உண்டு, அருகே போய்ப் பறிக்க முடியாது. பாடத்தில் கரைகண்டவராக இருந்தும் மாணவர் ஒரு சந்தேகம் கேட்கக்கூட நெருங்க முடியாத ஆசிரியரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கருத்து வளர்ந்த விதம்

நவீன உளவியலில் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் சமூக நுண்ணறிவு என்ற கருத்தை முன்வைத்தார். ஹோவர்ட் கார்ட்னரின் பன்முக நுண்ணறிவுக் கொள்கை 1983-இல் வந்தது. பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்று நாம் பேசும் பொருளில் மனவெழுச்சி நுண்ணறிவை வரையறுத்தது. 1997-இல் அவர்கள் அதை நான்கு கிளைகளாகப் பிரித்தனர்: உணர்ச்சியைக் கண்டறிதல், சிந்தனைக்குத் துணையாக அதைப் பயன்படுத்தல், அதைப் புரிந்துகொள்ளல், அதை நெறிப்படுத்தல். 1995-இல் வெளியான டேனியல் கோல்மனின் நூல் இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் மனவெழுச்சி நுண்ணறிவால் வருகிறது" என்று பல கருத்தரங்கக் கட்டுரைகளிலும் மேடைகளிலும் சொல்லப்படுகிறது. கோல்மன் எழுதியது வேறு. அறிவுத்திறன் ஈவு ஏறக்குறைய 20 சதவீதத்தை விளக்குகிறது, மீதி வேறு காரணிகளுக்குரியது என்றுதான் அவர் சொன்னார். அந்த மீதியில் பிறந்த குடும்பம், பணம், வாய்ப்பு, அதிர்ஷ்டம் எல்லாமே அடக்கம்.

உணர்ச்சி உழைப்பு

ஆசிரியர், செவிலியர் பணியைப் புரிந்துகொள்ள நுண்ணறிவு என்ற கருத்தைவிட உழைப்பு என்ற கருத்து கூடுதலாக உதவும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் வெளியிட்ட நூலில் உணர்ச்சி உழைப்பு என்ற சொல்லாட்சியை விளக்கினார். அவர் ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும். முதல் வகையினர் சம்பளத்துக்காகப் புன்னகைக்க வேண்டும். இரண்டாம் வகையினர் சம்பளத்துக்காகக் கடுகடுக்க வேண்டும். ஆசிரியரின் நிலையை யோசித்தால், ஒரே பாடவேளையில் அவர் இரண்டு வேலையையும் செய்கிறார். முன் வரிசையில் பயந்து நிற்கும் பிள்ளையிடம் கனிவு, கடைசி வரிசையில் சண்டை போடுபவனிடம் கண்டிப்பு. இரண்டுக்கும் நடுவே அரை நிமிடம்கூட இருக்காது.

இந்த உழைப்பை இரண்டு வழிகளில் செய்யலாம். உள்ளே எரிச்சல் இருக்க, முகத்தில் மட்டும் சிரிப்பை வைத்துக்கொள்வது ஒன்று. இதை மேற்பூச்சு நடிப்பு எனலாம். எதிரே இருப்பவரின் நிலையை மனத்தில் கொண்டுவந்து, தன் உணர்ச்சியையே மாற்றிக்கொள்வது மற்றொன்று, இது ஆழ்நடிப்பு. வார்டில் ஒருவர் "எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன்" என்று கத்தும்போது, "இவர் மனைவி உள்ளே மூச்சுத் திணறிக் கிடக்கிறார், அந்தப் பயம்தான் இப்படிப் பேசுகிறது" என்று செவிலியர் நினைத்துக்கொண்டால் கோபம் பாதியாகிவிடும். நினைக்க நேரமில்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வார். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் மேற்பூச்சு நடிப்பு மிகுந்தவர்கள் விரைவில் சோர்கிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

நோயாளியிடம் போலி உற்சாகம் காட்டுவது பற்றி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியக் குறிப்புகள் நூலில் தனி அத்தியாயமே எழுதினார். பார்க்க வருபவர்கள் "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போவது நோயாளியைத் தேற்றுவதில்லை, தனிமைப்படுத்துகிறது என்பது அவர் கருத்து. நம் ஊர் மருத்துவமனைகளில் மாலைப் பார்வை நேரத்தில் ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்களுக்கு இதை யார் சொல்வது!

தொடர்ந்த உணர்ச்சி உழைப்பின் முடிவில் வருவது, பர்ன்அவுட் என்று வழங்கப்படும் பணிச்சோர்வு. கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் இதை அளக்கும் கருவியை வெளியிட்டனர். அவர்கள் கண்ட கூறுகள் மூன்று: மனம் வற்றிப்போதல், எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் பொருளாகப் பார்த்தல், தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற பதினோராம் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைத் தொழில்சார் நிகழ்வாகச் சேர்த்தது. அதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை.

இரண்டாவது கூறு கூர்ந்து கவனிக்கத் தக்கது. நோயாளியின் பெயர் மறைந்து "பத்தாம் நம்பர் பெட்" ஆவதும், மாணவியின் பெயர் மறைந்து "அந்த ஃபெயில் கேஸ்" ஆவதும் இதன் அடையாளங்கள். இசபெல் மென்சீஸ் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஆராய்ந்து 1960-இல் வெளியிட்ட கட்டுரை, இது தனிமனிதக் குறை மட்டுமல்ல என்று காட்டியது. செவிலியருக்கு எழும் அச்சத்தையும் துயரத்தையும் தாங்க வழி செய்யாத நிறுவனம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தும், ஆட்களை வார்டு விட்டு வார்டு மாற்றியும், நோயாளியிடம் பற்று ஏற்படாமல் பார்த்துக்கொள்கிறது. துயரம் குறைவதில்லை. வேலையில் கிடைக்கும் நிறைவுதான் குறைகிறது.

தீக்காயப் பிரிவில்

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பகுதி அச்சங்குளத்தில் மற்றொரு பெரும் விபத்து நடந்தது. இவை நாடறிந்தவை. செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்துவிடும் சிறு விபத்துகள் இம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கின்றன. காயம்பட்டவர்களை ஏற்கும் மருத்துவமனைகளில் தீக்காயப் பிரிவில் பணி செய்யும் செவிலியரின் வேலையை எடுத்துக்கொண்டால், மனவெழுச்சித் திறன் பணித்திறனோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பது விளங்கும்.

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது நோயாளிக்குக் கடும் வலி தரும் சிகிச்சை. வலியைப் போக்கும் பணியில் இருப்பவரே வலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நேற்று கட்டு மாற்றிய அதே செவிலியர் இன்று தட்டுடன் வருவதைப் பார்த்ததும் நோயாளியின் உடல் விறைக்கும். இங்கே திறமையான செவிலியர் செய்வதைப் படிப்படியாகப் பார்க்கலாம். மருத்துவர் எழுதிய வலி மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு முன்னதாகவே கொடுத்துவிடுவார். என்ன செய்யப் போகிறார், எந்த இடத்தில் வலி கூடும் என்பதை மறைக்காமல் சொல்வார். ஒட்டிக்கொண்ட துணியை நனைத்து, காத்திருந்து எடுப்பார். "தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், நிறுத்துகிறேன்" என்று சொல்லி, கை தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்துவார். அந்த ஒரு நிறுத்தம் நோயாளியிடம் நம்பிக்கையை விதைக்கும். மறுநாள் அவர் கட்டு மாற்ற ஒத்துழைப்பார். ஒத்துழைத்தால் புண்ணைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியும். நோய்த்தொற்று வாய்ப்பு குறையும். கனிவு என்று நாம் சொல்வது இங்கே நேரடியாகச் சிகிச்சையின் தரமாகிறது.

இதில் உணர்ச்சியைக் கண்டறிதல் இருக்கிறது, புரிதல் இருக்கிறது, நெறிப்படுத்தல் இருக்கிறது. வாசனையும் காட்சியும் செவிலியர் மனத்தில் எழுப்பும் அதிர்ச்சியை அவர் எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கிறார் என்ற கேள்வியும் இருக்கிறது. கட்டுப் போடும் துணி ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யப்படுவது. அங்கிருந்து பல ஊர்களுக்கும் போகிறது. எத்தனை மீட்டர் துணி போனது என்பதற்குக் கணக்கு உண்டு. செவிலியர் அந்த வார்டில் செலவிட்ட மன உழைப்புக்குப் பதிவேடு கிடையாது.

வகுப்பறையில்

விருதுநகர் மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்துக்குப் பெயர்பெற்றது. 2018, 2023 ஆண்டுகளின் பிளஸ் டூ தேர்வுகள் உட்படப் பலமுறை மாநிலத்தில் முதலிடம் பெற்றிருக்கிறது. இந்தப் பெருமையில் ஆசிரியர்களின் உழைப்பு பெரும்பங்கு. ஆனால் பணித்திறன் என்பதே தேர்ச்சி விகிதம் என்று சுருங்கும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் நடப்பது கண்ணில் படாமல் போகிறது.

நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தாய் வீடு திரும்பும்போது பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டிருக்கும். பட்டாசு விபத்தில் உறவை இழந்த பிள்ளை பத்து நாள் கழித்து வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கும். முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்துக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து "எழுந்து நில்" என்று ஆசிரியர் சொன்னால் அது விதிப்படி சரி. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் வேறு ஒரு தகவல் கிடைக்கும். அந்தத் தகவல் கிடைத்த பிறகு ஆசிரியரின் அன்றைய பாடத்திட்டமே மாறலாம். வகுப்பு ஆசிரியர்களில் சிலருக்கு எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் படிப்பில் இறங்கியது, ஏன் இறங்கியது என்பது நினைவில் இருக்கும். மதிப்பெண் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிளஸ் டூவில் கடைசி நேரத்தில் தேறிவந்த பிள்ளைகள் பலர் இத்தகைய ஆசிரியர்கள் கையில் இருந்தவர்கள்தாம்.

கோபத்தைக் கையாள்வது இதன் மறுபக்கம். குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, அதன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு போனது. ஆனால் பிரம்பின் இடத்தில் ஆசிரியர் எதை வைத்துக்கொள்வது என்பதற்குப் பயிற்சி போதிய அளவில் வரவில்லை என்பதே என் கணிப்பு. சிலரிடம் பிரம்பின் இடத்தைக் கேலிப் பேச்சு பிடித்துக்கொண்டது. அது சட்டத்தின் சொற்படி மனத் துன்புறுத்தல். பிள்ளைக்கும் பிரம்படியைவிட நெடுநாள் வலிப்பது. தலைமையாசிரியர் அறையில் வாங்கிய ஏச்சை அடுத்த பாடவேளையில் எட்டாம் வகுப்பின் மேல் இறக்கிவைக்காமல் இருக்க, வராந்தாவில் நடந்துபோகும் அந்த ஒரு நிமிடத்தில் தன் கோபம் யார்மீது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். பயிற்சி என்பது இந்த ஒரு நிமிடத்துக்கானது.

பாட்ரிசியா ஜென்னிங்ஸ், மார்க் கிரீன்பெர்க் இருவரும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை, ஆசிரியரின் சமூக, மனவெழுச்சித் திறன்கள் மாணவருடனான உறவையும் வகுப்பு நிர்வாகத்தையும் பாதித்து, அவற்றின் வழியே மாணவரின் கற்றலைச் சென்றடைகின்றன என்ற மாதிரியை முன்வைத்தது. கட்டுப்பாடற்ற வகுப்பு ஆசிரியரைச் சோர்வடையச் செய்யும், சோர்ந்த ஆசிரியரின் வகுப்பு மேலும் கட்டுப்பாடிழக்கும் என்ற சுழலையும் அவர்கள் குறிப்பிட்டனர்.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது

டானா ஜோசப், டேனியல் நியூமன் இருவரும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். உணர்ச்சி உழைப்பு மிகுந்த வேலைகளில் மனவெழுச்சி நுண்ணறிவு கூடியவர்களின் பணித்திறனும் கூடியிருந்தது. உணர்ச்சி உழைப்புக் குறைந்த வேலைகளில் அந்தத் தொடர்பு எதிர்த்திசையில் இருந்தது. எனவே இத்திறன் எல்லா வேலைக்கும் ஒரே அளவில் பயன்படும் மந்திரக்கோல் என்று எழுதுவது பிழை. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் இது பொருந்துவதற்குக் காரணம் அவர்களுடைய வேலையின் தன்மை.

எம்.எட்., எம்.எஸ்சி. நர்சிங் மாணவர்கள் விரும்பி எடுக்கும் ஆய்வுத் தலைப்புகளில் இதுவும் ஒன்று. சில நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து, இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு கணக்கிடுவது வழக்கமான முறை. இதில் மூன்று இடங்களில் எச்சரிக்கை வேண்டும். தன் திறனையும் தன் பணித்திறனையும் ஒரே ஆள் ஒரே நாளில் தானே மதிப்பிட்டால், தன்னைப் பற்றி நல்லெண்ணம் உள்ளவர் இரண்டிலும் உயர்வாக எழுதுவார். அங்கே வரும் ஒட்டுறவு அந்த நல்லெண்ணத்தின் ஒட்டுறவாகவே இருக்கலாம். இரண்டாவது, ஒட்டுறவு காரணத்தைக் காட்டாது. நல்ல நிர்வாகம் உள்ள பள்ளியில் ஆசிரியரின் மனநிலையும் நன்றாக இருக்கும், வேலையும் நன்றாக நடக்கும். அப்போது இரண்டுக்கும் வேர் நிர்வாகம்தான். மூன்றாவது, பணித்திறனுக்கு எதை அளவுகோலாக எடுத்தோம் என்பது. மேலதிகாரியின் மதிப்பீடா, தேர்ச்சி விகிதமா, மருந்து கொடுப்பதில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கையா, நோயாளியின் கருத்தா? அளவுகோல் மாறினால் முடிவும் மாறும். திறனைச் சோதனையாகவே அளக்கும் கருவிகளும் உண்டு. மேயர், சலோவே, கருசோ மூவரும் உருவாக்கியது அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. அதில் முகங்களைக் காட்டி அவற்றில் தெரியும் உணர்ச்சியை மதிப்பிடச் சொல்லும் பகுதி உண்டு. அத்தகைய படங்களை நம் ஊரில் பயன்படுத்தும்போது, பெரியவர் முன்னால் கோபத்தை மறைக்கும் நம் வழக்கம் போன்றவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எண்ணிக்கையும் ஊதியமும்

இத்தகைய ஆய்வேடுகள் பலவற்றின் கடைசிப் பக்கத்தில் "ஆசிரியர்களுக்கு மனவெழுச்சிப் பயிற்சி அளிக்க வேண்டும்" என்ற பரிந்துரை இருக்கும். தவறில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி, கற்பிக்கும் மருத்துவமனைகளில் 3 படுக்கைகளுக்கும் பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைகளுக்கும் ஒரு செவிலியர் என்பது. இந்த எண்கள் நடைமுறையில் எட்டப்படாத இடங்களில், முன்னர் சொன்ன "கையைத் தூக்குங்கள், நிறுத்துகிறேன்" என்ற வாக்கியத்தைச் சொல்லச் செவிலியருக்கு நேரம் இராது. ஆழ்நடிப்புக்கு யோசிக்க நேரம் வேண்டும். கூட்டம் மிகும்போது மேற்பூச்சு நடிப்புத்தான் மிஞ்சும். அப்போது திறன் இருந்தும் வெளிப்படாது. அளந்து பார்ப்பவர் திறன் இல்லை என்று எழுதிவிடுவார்.

ஊதியத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015-இல் ஒப்பந்த அடிப்படையில் பணியேற்ற ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் பெருந்திரளாகப் போராடியது பலருக்கு நினைவிருக்கலாம். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலையோடு வார்டுக்குள் நுழைபவரிடம் "உணர்ச்சிகளைச் சமநிலையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பெடுப்பது, பசித்தவனுக்குச் சமையல் குறிப்பு கொடுப்பதுதான்.

பயிற்சியில் என்ன செய்யலாம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கியபோது, தன்னை அறிதல் என்ற செயல்வழிப் பகுதியையும் சேர்த்தது. கல்லூரிகளில் இது பதிவேடு எழுதி முடிக்கும் பகுதியாகிவிடும் ஆபத்து இருக்கிறது. செவிலியர் கல்வியில் இதைவிட உறுதியான ஒரு பழக்கம் உண்டு. மனநலப் பிரிவுப் பயிற்சியின்போது மாணவிகள் நோயாளியுடன் நடந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதி, பக்கத்தில் அந்த நேரத்தில் தமக்கு என்ன தோன்றியது என்றும் எழுதுகிறார்கள். பிறகு ஆசிரியையோடு அமர்ந்து, எந்த இடத்தில் பேச்சு திசைமாறியது, எந்தக் கேள்வி நோயாளியின் வாயை அடைத்தது என்று பார்க்கிறார்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பி.எட். மாணவர்களும், பாடக்குறிப்போடு, நாளுக்கு ஒரு உரையாடலை இப்படி எழுதிவரலாம். செலவில்லாதது. வழிகாட்டும் பேராசிரியர் அதை வாசித்துப் பேச அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவே.

பணியில் இருப்பவர்களுக்கு ஷிப்ட் மாறும்போது செவிலியர்கள் பொறுப்பு ஒப்படைக்கும் நேரம் ஒரு நல்ல வாய்ப்பு. படுக்கை வாரியாக மருந்தும் டிரிப்பும் சொல்லிமுடித்தபின், அன்று யாருக்கு மரணம் நேர்ந்தது, யார் வார்டில் சத்தம் போட்டார், அதைத் தாங்கியவர் யார் என்று ஐந்து நிமிடம் பேச மூத்த செவிலியர் இடம் கொடுத்தால், பாரத்தை வீட்டுக்குச் சுமந்து போவது குறையும். பள்ளிகளில் இதற்கு இணையான நேரம் கிடையாது. மாலை மணி அடித்ததும் பஸ் பிடிக்கும் அவசரம். மதிய இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் நடக்கும் பேச்சுத்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கும் தலைமையாசிரியர்கள் சற்று யோசிக்கலாம்.

சோர்வு எல்லை மீறித் தூக்கம் கெட்டு, வேலைக்குப் போகவே அச்சம் தோன்றினால், பயிற்சி வகுப்பு அதற்கு மருந்தாகாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநல உதவி 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம்.